வில்சன் நோயின் நரம்பியல் விளைவுகள்: காலந்தாழ்ந்த நோயறிதலும் மருத்துவத்தின் இடர்களும்

ஆய்வுச் சுருக்கம்

செம்பின் வளர்சிதை மாற்றத்தில் பிறவியிலேயே அமையும் குறைபாட்டால் தோன்றும் அரிய நோய் வில்சன் நோயாகும். இது கல்லீரலையும் மூளையையும் முதன்மையாகத் தாக்குகிறது. மூளை தாக்கப்படும்போது பேச்சிலும் கையெழுத்திலும் நடையிலும் மனநிலையிலும் தோன்றும் மாற்றங்கள் பல வேளைகளில் வேறு நோய்களின் குறிகளாகவோ வெறும் நடத்தைக் குறைகளாகவோ கொள்ளப்படுகின்றன. மருந்தால் கட்டுப்படுத்தத்தக்க மிகச்சில பரம்பரை மூளை நோய்களுள் இது ஒன்று என்பதால், இத்தகைய தாமதத்தின் இழப்பு பெரிது. இந்நோயின் நரம்பியல் விளைவுகள் எவ்வாறு தோன்றுகின்றன, ஏன் தவறவிடப்படுகின்றன, மருத்துவம் தொடங்கிய பின்னும் சிலருக்கு ஏன் மோசமடைகின்றன என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: வில்சன் நோய், செம்பு, செருலோபிளாஸ்மின், டிஸ்டோனியா, கெய்சர்–ஃபிளெய்ஷர் வளையம், பெனிசிலமின், துத்தநாகம்.

முன்னுரை

பரம்பரையாக வரும் மூளை நோய்களுள் பெரும்பாலானவற்றிற்கு நோயின் போக்கையே மாற்றக்கூடிய மருந்து இன்றுவரை இல்லை. ஹண்டிங்டன் நோய்க்கான மரபணு 1993ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. அந்நோயுற்றோருக்கு இன்றும் அறிகுறிகளைத் தணிக்கும் மருத்துவமே கிடைக்கிறது. அதே 1993இல் மரபணு கண்டறியப்பட்ட வில்சன் நோயின் நிலை வேறு. அதற்கான மருந்து மரபணு அறியப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. உரிய காலத்தில் தொடங்கி இடையறாது உட்கொண்டால் நோயாளர் படித்துப் பணிசெய்து குடும்பம் நடத்தி இயல்பான வாழ்நாளை எய்த முடியும்.

மருந்து உள்ள நோயில் ஓர் இளைஞர் பேச்சிழந்து படுக்கையில் வீழ்வது எதனால் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒருவர் என்பது இந்நோய்க்கு நூல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. ஒரு பொது மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் இத்தகைய ஒருவரைக்கூடக் காணாமல் போகலாம். ஆயினும் நரம்பியல் குறிகள் பெரும்பாலும் பத்து வயதிற்கும் முப்பது வயதிற்கும் இடையில், அதாவது பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் பருவத்தில் தலைகாட்டுகின்றன. எனவே மருத்துவருக்கு முன்பே இம்மாற்றங்களைக் காணும் நிலையில் இருப்போர் ஆசிரியர்களே.

நோய் அறியப்பட்ட வரலாறு

சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் 1878இல் அமெரிக்காவில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, இலண்டன் குவீன் சதுக்கத்து நரம்பியல் மருத்துவமனையில் பணியாற்றியவர். தாம் நேரில் ஆராய்ந்தவர்களையும் முன்னோர் பதிவு செய்தவர்களையும் ஒப்பிட்டு 1912இல் ‘பிரெய்ன்’ இதழில் இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நெடிய கட்டுரையொன்றை வெளியிட்டார். இளம் வயதினருக்கு நடுக்கமும் தசை விறைப்பும் பேச்சுக் குழறலும் படிப்படியாக முற்றி இறப்பு நேர்வதையும், பிணக்கூறாய்வில் மூளையின் லென்ஸ் வடிவ உட்கரு சிதைந்திருப்பதையும், அதனுடன் எப்போதும் கல்லீரல் இறுகிச் சுருங்கியிருப்பதையும் அவர் நிறுவினார். ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதைக் குறித்தபோதிலும் இதனை மரபுவழி நோயாக அவர் கொள்ளவில்லை. கல்லீரலிலிருந்து வரும் ஏதோ ஒரு நச்சு மூளையைக் கெடுக்கிறது எனக் கருதினார். மரபு பற்றிய முடிவு பிழையானது. நச்சு பற்றிய ஊகம் உண்மைக்கு மிக அருகில் இருந்தது.

அந்த நச்சு எது என அறிவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. கண்ணின் கருவிழிப் படலத்து ஓரத்தில் பச்சையும் பழுப்பும் கலந்த வளையம் ஒன்றை ஜெர்மானியக் கண் மருத்துவர்களான கெய்சர் 1902இலும் ஃபிளெய்ஷர் 1903இலும் தனித்தனியே விவரித்திருந்தனர். வில்சன் தம் கட்டுரையில் இவ்வளையத்தைப் பேசவில்லை. 1913இல் ரும்பெல் என்பவர் இத்தகைய நோயாளர் ஒருவரின் கல்லீரலில் செம்பு மிகுந்திருப்பதைக் கண்டார். அதனை எவரும் பெரிதாகக் கருதவில்லை. 1948இல் இலண்டனில் கமிங்ஸ், கல்லீரலிலும் மூளையிலும் செம்பு மிகுதியாகத் தேங்கியிருப்பதை அளந்து காட்டிய பின்னரே, ‘இச்செம்பை வெளியேற்றினால் என்ன?’ என்னும் வினா எழுந்தது. ரும்பெலின் குறிப்பை அன்றே ஒருவர் தொடர்ந்திருந்தால் முப்பத்தைந்து ஆண்டுகள் மிஞ்சியிருக்கும் என எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஆர்செனிக் நச்சு வளிக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட பி.ஏ.எல். என்னும் மருந்து 1951இல் இந்நோய்க்குப் பயன்படுத்தப்பட்டது. அது தசையில் ஊசியாகச் செலுத்தப்படுவது. கடும் வலி தருவது. நாளடைவில் பயன் குன்றுவது. வாய்வழி உட்கொள்ளத்தக்க முதல் மருந்தான பெனிசிலமினை ஜான் வால்ஷ் 1956இல் அறிவித்தார். பெனிசிலின் உட்கொண்டோரின் சிறுநீரில் இச்சேர்மத்தை முன்னரே கண்டிருந்த அவர், அதன் அமைப்பு செம்பைப் பற்றக்கூடியது என்பதை நினைவுகூர்ந்து, நோயாளருக்குக் கொடுப்பதற்கு முன் தாமே விழுங்கிப் பார்த்தார். நண்டு தன் கொடுக்கால் இரையைப் பற்றுவதுபோல் உலோக அணுவைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றும் இவ்வகை மருந்துகளைத் தமிழ் வேதியியல் நூல்கள் கொடுக்கிணைப்பு என்னும் சொல்லால் குறிப்பது பொருத்தமானதே.

உடலில் செம்பின் வழி

செம்பு உடலுக்கு இன்றியமையாதது. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். நாம் உண்ணும் உணவில் பொதுவாக அதனினும் மிகுதியாகவே கிடைக்கிறது. குடலில் உறிஞ்சப்பட்ட செம்பு கல்லீரலை அடைகிறது. அங்கே ஏ.டி.பி.7பி என்னும் புரதம் இரண்டு பணிகளைச் செய்கிறது. ஒன்று, செருலோபிளாஸ்மின் என்னும் குருதிப் புரதத்துள் செம்பு அணுக்களைப் பொருத்துதல். ஒரு மூலக்கூற்றில் ஆறு அணுக்கள் அமையும். மற்றொன்று, எஞ்சிய செம்பைப் பித்தநீரில் சேர்த்து மலத்தின் வழியே வெளியேற்றுதல். மிகுதிச் செம்பு உடலைவிட்டு நீங்குவதற்குப் பித்தநீரே முதன்மையான வழி.

பதின்மூன்றாம் நிறப்புரியில் உள்ள ஏ.டி.பி.7பி மரபணுவின் இரு படிகளும் பழுதுற்றவரிடம் இவ்விரு பணிகளும் நின்றுபோகின்றன. செம்பு பல ஆண்டுகள் கல்லீரலில் தேங்குகிறது. கல்லீரல் உயிரணுக்களின் கொள்ளளவு நிறைந்த பின், செருலோபிளாஸ்மினுடன் பிணையாத செம்பு குருதியில் கசிந்து மூளை, கண், சிறுநீரகம், எலும்பு முதலியவற்றில் படிகிறது. பிறப்பிலேயே அமைந்த குறைபாடு பதினைந்து ஆண்டுகள் கழித்து மூளையில் வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. மென்கெஸ் நோயில் ஏ.டி.பி.7ஏ என்னும் உறவுப் புரதம் பழுதுறுவதால் குடலிலிருந்து செம்பு உடலுக்குள் புகுவதில்லை. செம்புப் பற்றாக்குறையால் ஆண் குழந்தைகளின் மூளை வளர்ச்சி சிதைகிறது. ஒரே உலோகம் மிகினும் குறையினும் மூளையே கெடுகிறது.

மூளையில் தோன்றும் விளைவுகள்

தேங்கிய செம்பு தூண்டும் ஆக்சிஜனேற்றச் சிதைவு மூளையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இயக்கங்களை ஒழுங்குபடுத்தும் அடித்தள நரம்புத் திரள்கள், அவற்றுள்ளும் புட்டாமென் என்னும் பகுதி, முதலில் பாதிக்கப்படுகின்றன. தாலமஸ், நடுமூளை, பான்ஸ், சிறுமூளையுடன் இணையும் பாதைகள் ஆகியனவும் தொடர்ந்து தாக்கப்படலாம். எனவே இந்நோய் முதன்மையாக இயக்கத்தின் நோயாக வெளிப்படுகிறது. கை கால்களின் வலிமை பெரிதும் குன்றாது. வலிமையைச் செயலாக்கும் ஒழுங்கே குலையும்.

பேச்சுக் குழறலே மிகப் பரவலாகக் காணப்படும் குறி. சொற்கள் இழுபட்டோ ஒன்றன்மேல் ஒன்று விழுந்தோ ஒலிக்கின்றன, குரல் தேய்கிறது, முற்றிய நிலையில் பேச்சு முழுதும் நின்றுவிடும். என்ன சொல்ல வேண்டும் என்பதை நோயாளர் நன்கறிவார். நாவும் உதடும் தொண்டையும் அவர் வயப்படுவதில்லை. நாமடி ஒலிகள் மிகுந்த தமிழைப் பேசுவோரிடம் இக்குழறல் எவ்வொலிகளை முதலில் சிதைக்கிறது என்பது மொழியியலாரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து செய்யத்தக்க நல்லதோர் ஆய்வுப் பொருள்.

அடுத்தது டிஸ்டோனியா. தசைகள் தாமே இறுகி உறுப்பைத் திருகிய நிலையில் நிறுத்துவதே இது. எழுதும்போது விரல்கள் பேனாவை நெரிப்பதில் தொடங்கி, கால் உட்புறம் வளைதல், கழுத்துத் திரும்புதல் என விரியலாம். முகத்தசைகள் இறுகுவதால் வாய் சற்றே திறந்து, மேலுதடு ஏறி, எப்போதும் சிரிப்பது போன்ற தோற்றம் நிலைத்துவிடும். அத்துடன் எச்சிலும் வழியும். வகுப்பில் காரணமின்றிச் சிரிப்பதாக ஒரு மாணவர் கண்டிக்கப்படுவதற்கு இத்தோற்றம் ஒன்றே போதும். கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தி முழங்கையை மடக்கும்போது பறவை சிறகடிப்பது போலத் தோன்றும் பெருநடுக்கம் நூல்களில் புகழ்பெற்றது. ஆனால் எல்லாரிடமும் அது காணப்படுவதில்லை. பார்க்கின்சன் நோயை ஒத்த மந்தமும் விறைப்பும், சிறுமூளைத் தடுமாற்றம், விழுங்குதற் சிரமம், சிலருக்கு வலிப்பு ஆகியனவும் உண்டு.

கையெழுத்து தனித்துக் குறிப்பிடத்தக்கது. எழுத்துகள் சிறுத்துச் செல்வதும், வரி நேர்கோட்டிலிருந்து விலகுவதும், தேர்வுத்தாளை உரிய நேரத்தில் முடிக்க இயலாமையும் பிற குறிகளுக்குப் பல திங்கள் முன்னரே தோன்றக்கூடும். முந்தைய ஆண்டின் குறிப்பேட்டையும் இவ்வாண்டின் குறிப்பேட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது செலவற்ற ஒரு சோதனை. நரம்பியல் மருத்துவர் நோயின் தொடக்கக் காலத்தைக் கணிக்கப் பழைய ஏடுகளைக் கொண்டுவரச் சொல்வதன் காரணம் இதுவே.

மனநலக் குறிகளே மிகுதியும் திசைதிருப்புவன. எரிச்சல், அடங்காச் சினம், நாணமின்மை, ஊக்கமிழப்பு, மனச்சோர்வு, அரிதாக மனச்சிதைவு போன்ற நிலை ஆகியவை இயக்கக் குறிகளுக்கு முன்னரே தலைகாட்டலாம். நன்கு படித்து வந்தவர் மதிப்பெண் குறைந்து ‘கெட்டுப்போனவர்’ எனப் பெயர் வாங்குகிறார். மனநல மருத்துவரிடம் சென்றால் மனச்சிதைவுக்கான மருந்துகள் வழங்கப்படலாம். அவ்வகை மருந்துகள் பலவற்றிற்கு விறைப்பையும் நடுக்கத்தையும் உண்டாக்கும் பக்கவிளைவு இயல்பிலேயே உண்டு. வில்சன் நோயாளரின் மூளையோ அவற்றைச் சற்றும் தாங்குவதில்லை. பின்னர்த் தோன்றும் நடுக்கம் மருந்தின் விளைவு என எண்ணப்பட்டு, மூலநோய் மீண்டும் மறைந்துபோகிறது. நோயறிதலில் நேரும் தாமதத்தையே பொருளாகக் கொண்டு வால்ஷும் யீலண்டும் 1992இல் எழுதிய கட்டுரை இத்தகைய தவறுகளைத் தொகுத்துரைக்கிறது.

இந்தியாவில் இந்நோய் குறித்து நெடிய ஆய்வு மரபு உண்டு. பம்பாயில் தஸ்தூரும் உடன் ஆய்வாளர்களும் 1968இல் பதினாறு குடும்பங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் மூன்று பத்தாண்டுகளில் கண்ட 282 நோயாளரைப் பற்றிய விவரிப்பு 2007இல் வெளிவந்தது. முழங்கால் வளைதல், எலும்பு முறிதல் ஆகிய எலும்புக் குறிகள் இந்திய நோயாளரிடம் கவனத்திற்குரியன என்பதை இவ்வாய்வு மரபு வலியுறுத்துகிறது. நரம்பியல் நிறுவனம் ஒன்றின் தொகுப்பில் நரம்பியல் நோயாளரே மிகுந்திருப்பர் என்பதை மறவாமல் இவ்வெண்ணிக்கைகளைப் படித்தல் வேண்டும்.

நோயறிதல்

ஐயம் எழுந்துவிட்டால் சோதனைகள் அரியன அல்ல. நரம்பியல் குறிகள் உடையோருள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோரிடம் கெய்சர்–ஃபிளெய்ஷர் வளையம் இருக்கும். வெறுங்கண்ணால், அதிலும் பழுப்புநிறக் கண்களில், அதனைக் காண்பது கடினம். கண் மருத்துவரின் பிளவு விளக்குக் கருவியால் பார்த்தல் இன்றியமையாதது. குருதியில் செருலோபிளாஸ்மின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பதும், 24 மணி நேரச் சிறுநீரில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு வெளியேறுவதும் நோயை வலுவாகச் சுட்டும்.

இவ்விடத்தில் அடிக்கடி நேரும் குழப்பம் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். செம்பு மிகும் நோயில் குருதியின் மொத்தச் செம்பும் மிகுந்திருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் குருதிச் செம்பின் மிகப்பெரும் பகுதி செருலோபிளாஸ்மினுள் அடங்கியது; அப்புரதம் குறைந்த நோயாளரிடம் மொத்த அளவு பெரும்பாலும் தாழ்ந்தே காணப்படும். ‘செம்பு குறைவாக உள்ளது, எனவே வில்சன் நோய் அன்று’ என முடிவு செய்வது தலைகீழான வாசிப்பு. மேலும் கருவுற்ற நிலையிலும் அழற்சியின்போதும் செருலோபிளாஸ்மின் உயர்ந்து, நோயுடையவரையும் இயல்பானவர்போலக் காட்டலாம். நோய் இல்லாத மரபணுத் தாங்கிகள் சிலரிடம் அது சற்றே குறைந்தும் இருக்கலாம். ஒற்றைச் சோதனையைக் கொண்டு எத்திசையிலும் உறுதி கூறுதல் ஆகாது.

காந்த அதிர்வுப் படத்தில் புட்டாமென், தாலமஸ், மூளைத்தண்டு ஆகியவற்றில் மாற்றங்கள் தெரியும். நடுமூளையின் குறுக்குவெட்டுப் படம் பாண்டாக் கரடியின் முகத்தை ஒத்திருப்பது பாடநூல்களில் இடம்பெற்ற காட்சி. அது தோன்றாமையைக் கொண்டு நோயை விலக்கிவிடக் கூடாது. ஐயம் நீடித்தால் கல்லீரல் திசுவில் செம்பை அளத்தலும் மரபணுச் சோதனையும் உள்ளன. ஏ.டி.பி.7பி மரபணுவில் பல நூறு திரிபுகள் அறியப்பட்டுள்ளமையால் மரபணுச் சோதனையின் முடிவைப் பொருள்கொள்வதும் எப்போதும் எளிதன்று.

மருந்தே கேடாகும் காலம்

நோய் அறியப்பட்டதும் இடர் நீங்கியது எனக் குடும்பத்தார் மகிழ்வது இயல்பு. நரம்பியல் நோயாளரைப் பொறுத்தவரை அடுத்த சில திங்களே மிகவும் நுட்பமான காலம். பெனிசிலமின் தொடங்கிய பின் சிலருக்கு நடுக்கமும் டிஸ்டோனியாவும் பேச்சுக் குழறலும் தணிவதற்கு மாறாகக் கூடுகின்றன. நடந்து வந்தவர் நடக்க இயலாதவராவதும் உண்டு. எத்துணைப் பேருக்கு இவ்வாறு நேர்கிறது என்பதில் ஆய்வாளரிடையே பெரும் வேறுபாடு உள்ளது. பத்தில் ஒருவர் என்பது முதல் பாதிப்பேர் என்பது வரை கணக்குகள் உள்ளன. மோசமடைந்தோருள் ஒரு பகுதியினர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை.

கல்லீரலில் தேங்கிய செம்பை மருந்து விரைந்து அசைத்துக் குருதியில் சேர்ப்பதால், பிணையாச் செம்பு மூளையை மீண்டும் தாக்குகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். ஆதலின் நாளொன்றுக்கு 125 அல்லது 250 மில்லிகிராம் என்னும் சிற்றளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவது இன்றைய வழக்கம். இம்மருந்தை வெறும் வயிற்றில், உணவிற்கு ஒரு மணி நேரம் முன்னரோ இரண்டு மணி நேரம் பின்னரோ உட்கொள்ள வேண்டும். உடன் பைரிடாக்சின் என்னும் ஆறாம் பி வைட்டமின் தரப்படும். தோல் தடிப்பு, காய்ச்சல், சிறுநீரில் புரதம் வெளியேறுதல் போன்ற பக்கவிளைவுகளுக்காகத் தொடர்ச்சியான சோதனைகள் தேவை. பெனிசிலமினைத் தாங்காதோருக்கு ட்ரையன்டின் என்னும் மாற்று மருந்தையும் வால்ஷே பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தார்.

துத்தநாகம் வேறு வழியில் செயற்படுகிறது. அது குடற்சுவர் உயிரணுக்களில் மெட்டலோதயோனின் என்னும் புரதத்தைப் பெருக்குகிறது. அப்புரதம் உணவிலுள்ள செம்பைப் பற்றிக்கொள்ள, அவ்வுயிரணுக்கள் உதிரும்போது செம்பும் மலத்துடன் நீங்குகிறது. விளைவு மெல்லத் தோன்றும்; தொடக்கத்தில் மோசமடையும் இடரும் குறைவு. முற்றிய நரம்பியல் நோயில் எம்மருந்தை முதலில் தொடங்குவது என்பதில் வல்லுநர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. இக்கட்டுரையாளர் கருத்தில், எம்மருந்து என்பதினும், இவ்வாறு மோசமடையக்கூடும் என்பதை மருத்துவம் தொடங்கும் முன்பே குடும்பத்தாருக்கு எடுத்துரைத்தல் முதன்மையானது. முன்னறிவிப்பின்றி மோசமடைந்தால் அவர்கள் மருந்தின்மீதே நம்பிக்கையிழந்து நிறுத்திவிடுகின்றனர்.

உணவுக் கட்டுப்பாடு துணைமட்டுமே. ஈரல், ஓடுடைய கடலுணவு, முந்திரி முதலிய கொட்டைகள், சாக்லேட், காளான் ஆகியவற்றைத் தொடக்கக் காலத்தில் தவிர்க்கச் சொல்வர். செம்புக் குடத்து நீர் உடலுக்கு நன்று என்னும் எண்ணம் தமிழகத்தில் அண்மைக் காலத்தில் மீண்டும் பரவியுள்ளது. வில்சன் நோயாளர் உள்ள வீட்டில் அவ்வழக்கம் ஆகாது. தாமிரம் சேர்ந்த பற்பம், செந்தூரம் ஆகியவற்றை உட்கொண்டு வருவோர் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. ஆனால் செம்புப் பாத்திரத்தால் இந்நோய் வருவதில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மகனுக்கு வந்த நோய்க்குத் தன் அடுக்களைப் பாத்திரமே காரணம் எனத் தாய் தன்னையே நொந்துகொள்ள ஏதுமில்லை.

உடன்பிறந்தோர்

இது ஒடுங்கு மரபுவழி நோய். தாய், தந்தை இருவரும் பழுதுற்ற படி ஒன்றையும் நல்ல படி ஒன்றையும் உடைய தாங்கிகள். அவர்களுக்கு நோய் இராது. அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என நெருங்கிய உறவில் மணம் செய்யும் வழக்கமுள்ள தென்னிந்தியக் குடும்பங்களில், இருவரும் ஒரே பழுதுற்ற மரபணுவைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆதலால் ஒருவருக்கு நோய் உறுதியானதும் அவருடைய உடன்பிறந்தோர் அனைவரையும், எவ்விதக் குறியும் இல்லாதிருப்பினும், சோதித்தல் வேண்டும். குறிகள் தோன்றும் முன்பே மருத்துவம் தொடங்கினால் நோயின் வெளிப்பாட்டையே தடுக்கலாம் என ஸ்டெர்ன்லீபும் ஷைன்பெர்க்கும் 1968இலேயே காட்டியுள்ளனர்.

நடைமுறையில் இதுவே கடினமானது. அண்ணன் பேச்சிழந்து கிடக்கும் வீட்டில், ஓடியாடித் திரியும் தங்கையைச் சோதனைக்கு அழைத்து வரப் பெற்றோர் தயங்குகின்றனர். சோதனை முடிவு வெளியே தெரிந்தால் அவள் திருமணம் தடைப்படுமோ என்னும் அச்சம் அதற்கொரு காரணம். நோய் உறுதியானாலும், எந்தத் துன்பமும் உணராத ஒருவர் நாள்தோறும் உணவுக்கு முன்னும் பின்னும் நேரம் பார்த்து வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டியிருக்கிறது. விடுதிக்குச் செல்லும்போதோ புதிதாகப் பணியில் சேரும்போதோ மருந்து நின்றுவிடுகிறது. நிறுத்தியவுடன் ஒன்றும் நேர்வதில்லை. சில திங்களோ சில ஆண்டுகளோ கழித்துக் கல்லீரல் செயலிழப்பாகவோ மூளைச் சிதைவாகவோ அது வெளிப்படும். அப்போது மீண்டும் மருந்து தொடங்கினாலும் பயன் உறுதியில்லை. இத்தகைய கல்லீரல் செயலிழப்பில் மாற்றுக் கல்லீரல் பொருத்துதலே உயிர்காக்கும் வழியாகலாம். புதிய கல்லீரலின் மரபணு செம்பை முறையாக வெளியேற்றும். ஆனால் அதற்குள் சிதைந்துவிட்ட புட்டாமென் அதனால் மீள்வதில்லை. கருவுற்ற பெண்களும் மருந்தை முற்றாக நிறுத்தலாகாது. மருத்துவரின் கண்காணிப்பில் கொடுக்கிணைப்பு மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டு தொடர்தல் வேண்டும்.